போகும், திரும்ப வரும்: படர்தாமரை ஏன் இப்போதெல்லாம் லேசில் குணமாவதில்லை?

முதலில் ஒரு கணக்கு. வாரணாசியில் தோல் மருத்துவர்கள் படர்தாமரை இருந்த 200 பேரைத் தலா 50 பேராக நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை. நான்குமே பல ஆண்டுகளாக இந்தியாவில் எழுதிக்கொடுக்கப்படும் மருந்துகள்தான். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது எந்தக் குழுவிலும் 8 சதவீதத்துக்கு மேல் குணமாகவில்லை. எட்டு வாரம் முடிந்தபோது குணமானவர்களின் எண்ணிக்கை இது:

இட்ராகோனசோல்: 50 பேரில் 33 பேர் (66%)
ஃப்ளூகோனசோல்: 50 பேரில் 21 பேர் (42%)
டெர்பினஃபின்: 50 பேரில் 14 பேர் (28%)
கிரிசியோஃபுல்வின்: 50 பேரில் 7 பேர் (14%)

கூட்டிப் பாருங்கள். 200 பேரில் 75 பேர். அதுவும் மருத்துவர்களின் மேற்பார்வையில், இரண்டு மாதம் மாத்திரை கொடுத்த பிறகு. இந்த ஆய்வு 2020ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி இதழில் வெளியானது. ஒரே ஊரில், ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வுதான். ஆனால் நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் தங்கள் ஓபியில் பார்த்துக்கொண்டிருந்ததை இது எண்களில் காட்டியது.

"ஒரு க்ரீம் வாங்கிப் போட்டா ஒரு வாரத்துல போயிடும்" என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட நோய் இது. இன்று மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கிறது. என்ன மாறியது? இதிலிருந்து முழுசாக வெளியே வர என்ன செய்ய வேண்டும்?

சுருக்கமாக

• படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. ரத்தம் கெட்டுப்போவதால் வருவதல்ல, "சூட்டுக் கட்டி"யும் அல்ல.
• ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பை நிறுத்தும், பூஞ்சையை வளரவிடும்.
• இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் பூஞ்சை வகை, டெர்பினஃபின் மருந்துக்குப் பல நேரம் கட்டுப்படுவதில்லை.
• அரிப்பு நின்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. சிகிச்சை வாரக்கணக்கில் தொடர வேண்டும்.
• வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும்.

படர்தாமரை என்பது என்ன?

நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் எல்லாவற்றிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. இதைத் தின்று வாழும் பூஞ்சைகள் உண்டு. அவற்றுக்குத் தேவை சூடு, ஈரம், காற்றோட்டம் இல்லாத இடம். தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு, அக்குள், மார்புக்குக் கீழ், பிட்டம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

பூஞ்சை ஒரு புள்ளியில் தொடங்கி வெளிப்பக்கமாக வளரும். அதனால் ஓரம் சிவந்து, சற்றுத் தடித்து, செதில் செதிலாக இருக்கும். நடுப்பகுதி தெளிந்தது போலத் தெரியும். வட்டமாகப் படர்வதால்தான் படர்தாமரை என்று பெயர்.

பரவும் வழிகள் இரண்டு: நேரடித் தோல் தொடர்பு, துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு போன்ற பொருட்கள். உதிர்ந்த செதிலில் பூஞ்சை பல மாதங்கள் உயிரோடு இருக்க முடியும். ஆக, நீங்கள் சுத்தமாக இல்லாததால் வந்தது என்று நினைத்துக் கூனிக் குறுக வேண்டியதில்லை. மழைக்காலத்து மும்பை லோக்கல் ரயிலில் தினமும் ஒன்றரை மணி நேரம் வியர்வையோடு நிற்கும் ஒருவர், எவ்வளவு சுத்தமானவராக இருந்தாலும், பூஞ்சைக்கு வசதியான இடம்தான்.

அரிப்பு எல்லாமே படர்தாமரையா?

இல்லை. இங்கேதான் பாதிப் பேர் தப்பு மருந்தில் ஆரம்பிக்கிறார்கள். தோராயமாகப் பிரித்துப் பார்க்க:

சொறி: கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியால் வருவது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரிக்கும். ராத்திரியில் அதிகமாகும். வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில் இருக்கும். இதற்குப் பூஞ்சை மருந்து வேலை செய்யாது.

கரப்பான்: எக்சிமா என்று மருத்துவர்கள் சொல்வது. வறண்ட, வெடித்த, சில சமயம் நீர் கசியும் தோல். தெளிவான வட்ட ஓரம் பெரும்பாலும் இருக்காது. இதற்கு ஸ்டீராய்டு க்ரீமே சரியான மருந்தாக இருக்கலாம், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு.

காணாக்கடி: திடீரென்று தடிப்பு தடிப்பாக வரும். ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மறைந்து, வேறு இடத்தில் வரும். செதில் உதிராது.

தேமல்: இதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு வகை. நிறம் மங்கிய திட்டுகள், லேசான செதில், அரிப்பு மிகக் குறைவு.

சொரியாசிஸ்: வெள்ளி போன்ற தடித்த செதில்கள். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் அதிகம். தொற்றாது.

படம் பார்த்து ஒப்பிடுவதால் மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. ஸ்டீராய்டு போட்ட படர்தாமரையை நேரில் பார்த்தே மருத்துவர்கள் குழம்புவது உண்டு.

பூஞ்சையில் என்ன மாறியது?

இந்தியாவில் நீண்ட காலம் படர்தாமரைக்கு முக்கியக் காரணமாக இருந்தது ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. 2010களில் இந்த நிலை மாறியது. பரிசோதனைக் கூடங்களில் ட்ரைக்கோஃபைட்டான் மென்டக்ரோஃபைட்டிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகை அதிகமாகத் தென்படத் தொடங்கியது. இது உடலில் அகலமாகப் பரவியது. அரிப்பு கடுமையாக இருந்தது. வழக்கமான சிகிச்சைக்கு அடங்கவில்லை.

2020ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாக விவரித்து, ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்த மாதிரிகள் ஜப்பானில் சிகிச்சை பெற்ற ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் எடுக்கப்பட்டவை.

டெர்பினஃபின் ஏன் தோற்கிறது? பூஞ்சை தன் செல் சுவரை ஒட்டிய சவ்வைக் கட்ட எர்கோஸ்டெரால் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி ஒரு கட்டத்தில் வேலை செய்கிறது. டெர்பினஃபின் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு தயாரிப்பை நிறுத்துகிறது. புதிய வகைப் பூஞ்சை பலவற்றில் இந்த நொதிக்கான மரபணுவில் சின்ன மாற்றம் இருக்கிறது. பூட்டு மாறிவிட்டது, பழைய சாவி பொருந்தவில்லை. டெல்லியிலிருந்து 2018ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்த மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று டெர்பினஃபினுக்குக் கட்டுப்படாதவை.

இது இந்திய எல்லைக்குள் நின்றுவிடவில்லை. ஜெர்மனி உட்படப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது இருந்ததை அறிவித்தது. அந்த நாட்டில் முதலில் பதிவான நோயாளிகள் அவர்கள்தான். ஒருவருக்கு வங்கதேசம் போயிருந்தபோது ஆரம்பித்தது. இன்னொருவர் சமீபத்தில் வெளிநாடு எதற்கும் போகவே இல்லை.

மெடிக்கல் ஷாப் க்ரீமில் என்ன பிரச்னை?

பூஞ்சை மட்டும் குற்றவாளி இல்லை. இந்தியத் தோல் மருத்துவர்கள் பலரும் அடுத்ததாகச் சுட்டிக்காட்டுவது, பரிந்துரைச் சீட்டே இல்லாமல் கையில் கிடைக்கும் கலவை க்ரீம்களை.

"அரிப்புக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டால் பல கடைகளில் வருவது ஒரு சின்ன ட்யூப். அதில் மூன்று, நான்கு மருந்துகள் ஒன்றாக இருக்கும்: ஒரு பூஞ்சை எதிர்ப்பு மருந்து, ஒன்றோ இரண்டோ பாக்டீரியா எதிர்ப்பு மருந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு. பெரும்பாலும் அது க்ளோபெட்டசால் மாதிரி, தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை.

அரிப்பு, சிவப்பு, வீக்கம் இவை எல்லாம் பூஞ்சையை எதிர்த்து உடல் காட்டும் எதிர்வினை. ஸ்டீராய்டு இந்த எதிர்வினையை அடக்குகிறது. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மங்கிவிடும். "சூப்பர் க்ரீம்" என்று நண்பருக்கும் சொல்வோம். ஆனால் காவலாளியைத் தூங்க வைத்துவிட்டோம். பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. க்ரீமை நிறுத்தியதும் அரிப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. உடனே மறுபடி அதே க்ரீம். இந்தச் சுழற்சி மாதக்கணக்கில் ஓடும்.

இதில் மூன்று தனித்தனி சேதங்கள் இருக்கின்றன.

முதலாவது, நோயின் உருவமே மாறிவிடும். வட்டம் கலைந்துபோகும், அல்லது வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். அடையாளம் காண்பது கஷ்டமாகும்.

இரண்டாவது, தோல் மெலிந்துபோகும். தொடை இடுக்கில் சிவந்த கோடுகள் விழும். பிரசவத் தழும்பு மாதிரி இருக்கும் இந்தக் கோடுகள் பூஞ்சை போன பிறகும் போகாது.

மூன்றாவது, முகத்தில் போட்டால் பரு, முடி வளர்தல், நிரந்தரச் சிவப்பு. இது படர்தாமரைக்கு அப்பாலும் போகும் பிரச்னை. இந்தியாவில் 12 மையங்களில் நடந்து 2011ல் வெளியான ஆய்வில், முகத்தில் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். அதில் 433 பேர், அதாவது 14.8 சதவீதம், முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். நிறம் வெளுக்க, பருவுக்கு, சும்மா ஒரு க்ரீமாக என்று காரணங்கள் பல.

ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பிராண்ட் பெயரை விடுங்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ட்ரையாம்சினோலோன், ஹாலோபெட்டசால் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல், லூலிகோனசோல், செர்ட்டகோனசோல், கீட்டோகோனசோல் போன்றவை பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள். இரண்டு பட்டியலிலிருந்தும் ஒரே ட்யூபில் பெயர்கள் இருந்தால், அது மருத்துவர் எழுதித் தராத வரை உங்களுக்கான க்ரீம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இந்தப் பட்டியலில் உள்ள மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும். தோல் மருத்துவர்களின் தேசிய சங்கமான ஐஏடிவிஎல் இதற்காகத் தனிப் பணிக்குழுவே அமைத்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்திருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகளுக்கு அமைச்சகம் தடை விதித்தது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த சில தோல் க்ரீம்களும் அதில் இருந்தன.

அப்புறமும் ஏன் கிடைக்கிறது? தடை ஒரு குறிப்பிட்ட கலவைக்குத்தான். அதில் ஒரு மருந்தை மாற்றினால் அது வேறு கலவை. அதோடு, சட்டத்தை அமல்படுத்துவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளின் வேலை. லட்சக்கணக்கான கடைகளில் சீட்டு கேட்கப்படுகிறதா என்று தினமும் பார்ப்பது நடைமுறையில் நடப்பதில்லை. நோயாளியின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது: லீவு போட்டு, க்யூவில் நின்று, கன்சல்டேஷன் ஃபீஸ் கட்டுவதைவிடக் கடையில் ஒரு ட்யூப் வாங்குவது சுலபம். தொடை இடுக்கில் வந்ததை யாரிடமும் காட்டவும் வேண்டாம்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்?

முதலில் எல்லா இடத்தையும் பார்ப்பார். வெட்கப்பட்டு ஓர் இடத்தை மறைத்தால், அங்கிருந்து மறுபடி பரவும். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம். பரிசோதிக்கும்போது கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம்.

சந்தேகம் இருந்தால் கே.ஓ.எச் பரிசோதனை செய்வார். ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டி, ஒரு ரசாயனத் துளி விட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பது. வலிக்காது, செலவு குறைவு, அன்றைக்கே முடிவு தெரியும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சில வாரங்கள் ஆகும். எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. பல தடவை திரும்பி வந்த நோய்க்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு உதவி செய்யுங்கள்: இதுவரை போட்ட எல்லா ட்யூபையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள், அல்லது மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "வெள்ளைக் கலர் ட்யூப் டாக்டர்" என்றால் அவருக்கு எதுவும் தெரியாது. அரிப்புக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவும் ஸ்டீராய்டாக இருக்கலாம்.

சின்ன இடத்தில் முதல் தடவை வந்தது என்றால் பூசும் மருந்தே போதும் என்று சொல்லலாம். பல இடங்களில் பரவியது, திரும்பி வந்தது, ஸ்டீராய்டு போட்டது என்றால் மாத்திரையும் சேரும். இங்கே மூன்று விஷயங்களை நீங்களாகவே எடுத்துச் சொல்வது நல்லது:

அசிடிட்டி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால்தான் அதைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்றவை அமிலத்தைக் குறைப்பதால் மருந்து சரியாகச் சேராது. தினமும் காலையில் பழக்கமாக "பான்" போடும் பலர் இதைச் சொல்வதே இல்லை. மாத்திரை தோற்றுப்போனதாக நினைத்துவிடுகிறார்கள்.

இதயம், கல்லீரல் பிரச்னை உண்டா? இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றோடும் அது சேராது. நீண்ட நாள் எடுத்தால் கல்லீரல் பரிசோதனை தேவைப்படலாம்.

கர்ப்பமா, கர்ப்பத்துக்குத் திட்டமா, பால் கொடுக்கிறீர்களா? மாத்திரைகளைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், பூசும் மருந்தை வைத்துச் சமாளிப்பார்கள்.

எத்தனை வாரம் ஆகும்?

இந்திய நிபுணர்கள் 2018ல் வெளியிட்ட கூட்டுக் கருத்து, முதல் தடவை வந்தவர்களுக்குக் குறைந்தது 2 முதல் 4 வாரம், பிடிவாதமாகத் திரும்பி வருபவர்களுக்கு 4 வாரத்துக்கு மேல் என்று சொல்கிறது. நடைமுறையில் பலருக்கு எட்டு வாரம், அதற்கும் மேல் ஆகிறது. வாரணாசி எண்களும் அதைத்தான் காட்டுகின்றன: நான்காவது வாரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டாதது, எட்டாவது வாரத்தில் ஒரு மருந்தில் 66 சதவீதமானது.

அதாவது, ஒரு மாதம் ஆகியும் போகவில்லை என்று கைவிடுபவர்களில் சிலர், சரியான பாதையில் பாதியில் நின்றவர்களாக இருக்கலாம்.

பொதுவாகக் குணமாகும் வரிசை இப்படி இருக்கும்:

முதலில் அரிப்பு குறையும். ஸ்டீராய்டை நிறுத்தியவர்களுக்கு மட்டும் இது தலைகீழ்: முதல் சில நாட்கள் அரிப்பும் சிவப்பும் கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து பழைய ட்யூபுக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். முன்கூட்டியே தெரிந்திருந்தால் தாண்டிவிடலாம்.

அடுத்து செதில் நிற்கும், ஓரம் தட்டையாகும். தொட்டுப் பார்த்தால் மற்ற தோல் மாதிரியே இருக்கும்.

கடைசியில் கருப்புத் தழும்பு மிஞ்சும். நம் நிறத் தோலில் இது சகஜம். மாதக்கணக்கில் இருந்து மெதுவாக மங்கும். இது நோய் அல்ல, நோய் இருந்த இடம். அரிப்பு, செதில், தடித்த ஓரம் மூன்றும் இல்லை என்றால் அந்தக் கருமைக்காகப் பூஞ்சை மருந்தையோ, வெளுக்கும் க்ரீமையோ போடத் தேவையில்லை.

பூசும் மருந்துக்குத் தோல் மருத்துவர்கள் "இரண்டு விதி" சொல்வார்கள்: நாளைக்கு 2 தடவை, தடிப்பின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, பார்வைக்குச் சரியான பிறகும் 2 வாரம். நடுவில் மட்டும் பூசினால், பூஞ்சை உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் ஓரத்தை விட்டுவிடுகிறோம்.

வீட்டில், பிஜியில், ஜிம்மில் என்ன செய்ய வேண்டும்?

மருந்து சரியாக இருந்தும் திரும்பி வருவதற்கு, உடம்புக்கு வெளியே காரணங்கள் இருக்கும்.

துவைப்பது: உங்கள் துண்டு, உள்ளாடை, விரிப்பைத் தனியாகத் துவையுங்கள். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் பூஞ்சை அழியும். 30 டிகிரியில் தப்பிக்கும். பிஜியில் ஒரே மெஷினில் பத்துப் பேர் துணி போடுகிறார்கள் என்றால், உள்ளாடையை மட்டுமாவது வெந்நீரில் ஊறவைத்துக் கையால் துவைப்பது நல்லது.

காய வைப்பது: உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெயிலில். பால்கனி இல்லாத அறை என்றால், நன்றாகக் காய்ந்த பிறகு உள்பக்கம் இஸ்திரி போடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த ஜட்டியைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஓடுவதுதான் மழைக்காலத்தின் பெரிய எதிரி.

உடை: இறுக்கமான ஜீன்ஸ், லெக்கிங்ஸ் இரண்டுக்கும் சிகிச்சை முடியும் வரை லீவு கொடுங்கள். தளர்வான பருத்தி போதும். ஜிம் முடித்ததும் வியர்த்த உடையோடு வீடு வரை வராமல் அங்கேயே மாற்றிவிடுங்கள்.

கயிறு: அரைஞாண் கயிறு, கையிலும் காலிலும் கட்டும் கருப்புக் கயிறு இவையும் ஈரத்தையும் செதிலையும் பிடித்துவைக்கும். சிகிச்சைக் காலத்தில் கழற்றிவைக்கச் சொல்லி மருத்துவர்கள் கேட்பதுண்டு. நம்பிக்கைக்காகக் கட்டியது என்றால், குணமான பிறகு புதுசு கட்டிக்கொள்ளலாம்.

குளியல்: வியர்த்தால் குளியுங்கள், மடிப்புகளை ஒற்றித் துடையுங்கள், பிறகு உடை. கடுமையான ஆன்டிசெப்டிக் சோப்பு, டெட்டால் நேரடியாகப் பூசுவது எல்லாம் தோலை எரிச்சலாக்கும்.

கூட இருப்பவர்கள்: கணவன், மனைவி, குழந்தை, ரூம்மேட் யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் எட்டு வாரம் மருந்து எடுத்து, இன்னொருவரிடமிருந்து ஒன்பதாவது வாரம் திரும்ப வாங்கிக்கொள்வது நிறைய வீடுகளில் நடக்கிறது. "உன்னால வந்தது, என்னால வந்தது" என்ற சண்டைக்கு இதில் அர்த்தம் இல்லை. யாரிடமிருந்து ஆரம்பித்தது என்று பெரும்பாலும் கண்டுபிடிக்கவும் முடியாது.

அரிப்பை எப்படித் தாங்குவது?

மருந்து வேலை செய்யும் வரை அரிப்போடு வாழ வேண்டியிருக்கும். மீட்டிங்கில் உட்கார முடியாமல் நெளிவது, ராத்திரித் தூக்கம் கெடுவது, நெருக்கத்தைத் தவிர்ப்பது எல்லாமே நிஜமான கஷ்டம். "வெறும் அரிப்புதானே" என்று மருத்துவரிடம் மறைக்காதீர்கள். லெவோசெட்டிரிசின் போன்ற மாத்திரைகளை அவர் சேர்த்துக் கொடுக்கலாம். சிலருக்குத் தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொரியத் தோன்றும்போது குளிர்ந்த ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள். சொரிந்த கையால் இன்னொரு இடத்தைத் தொட்டால் அங்கேயும் பரவலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தரிக்காய், கருவாடு, மீன் சாப்பிடலாமா?
சாப்பிடலாம். பூஞ்சை வளர்வதற்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை. ஏதாவது உணவு உங்களுக்குத் தனியாக அலர்ஜி தந்தால் அது வேறு விஷயம்.

சீமை அகத்தி, பூண்டு, எலுமிச்சை?
சீமை அகத்தி இலை படர்தாமரைக்கு நெடுநாளாகப் பயன்படுத்தப்படுவது. ஆய்வகத்தில் பூஞ்சையைத் தடுக்கும் தன்மையும் அதற்கு உண்டு. ஆனால் இப்போதைய பிடிவாதமான பூஞ்சைக்கு மருந்தின் இடத்தை அது நிரப்பும் என்று நம்ப ஆதாரம் இல்லை. பச்சைப் பூண்டு, எலுமிச்சைச் சாறு, மண்ணெண்ணெய் இவை தோலைப் பொசுக்கிவிடும்.

நண்பருக்குக் குணமான மாத்திரையை நானும் எடுக்கலாமா?
வேண்டாம். அவருக்கு வந்த பூஞ்சையும், அவர் கல்லீரலும், அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளும் உங்களுடையவை அல்ல. அரைகுறையாக எடுத்து நிறுத்துவது, மருந்துக்கு அடங்காத பூஞ்சை பிழைத்துக்கொள்ளவும் வழி செய்யும்.

சர்க்கரை நோய் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?
திரும்பத் திரும்ப வந்தால் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் இந்த நோய் வரும் பெரும்பாலான இளைஞர்கள் மற்றபடி ஆரோக்கியமானவர்கள்தான்.

எப்போது தாமதிக்கக் கூடாது?
முகம், தலை, நகம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்தால். சீழ், காய்ச்சல், கடும் வலி இருந்தால். குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ வந்தால். இரண்டு வாரம் பூஞ்சை க்ரீம் போட்டும் குறையவே இல்லை என்றால். மாத்திரை எடுக்கும்போது கண் மஞ்சளானால், சிறுநீர் அடர் நிறமானால், கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2022ல் கவனம் தேவைப்படும் பூஞ்சைகள் என்று 19 வகைகளைப் பட்டியலிட்டது. படர்தாமரைப் பூஞ்சை அதில் இல்லை. உயிரை எடுக்காத நோய் என்பதால் கொள்கை வகுப்பவர்களின் கண்ணில் இது சீக்கிரம் படாது. அதனால் தடுக்கும் வேலையின் பெரும் பங்கு இப்போதைக்குக் கடைக் கவுன்டரில்தான் நடக்கிறது. அடுத்த தடவை "அரிப்புக்கு" என்று ஒரு ட்யூப் கைக்கு வந்தால், காசு கொடுப்பதற்கு முன் திருப்பிப் பார்த்து அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.